நோயாளியின் வீட்டுக்கு எதைக் கொண்டு போவது?



நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். அதை நாம் எப்படி நிறைவேற்றுகிறோம்?

வலங்கைமானில் ஒரு பெரியவர். நீரிழிவினால் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று முறை பஸ் ஏறிக் கும்பகோணம் போய், ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்து வருபவர். அவரைப் பார்க்க நாம் இளநீரும் வாழைப்பழமும் பேரீச்சம்பழமும் கொண்டு போனோம். வீட்டார் அவற்றை ஒதுக்கி வைத்தபோதுதான் விஷயம் புரிந்தது. அவற்றில் பொட்டாசியம் அதிகம். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. இரத்தத்தில் அது மிகுந்தால் இதயமே நின்றுவிடக்கூடும். குடிக்கும் தண்ணீருக்கும் அவருக்கு அளவுண்டு.

"நோன்பு வைக்கக் கொடுத்து வைக்கவில்லையே" என்று அவர் கண் கலங்கினார். நோயாளிக்குச் சலுகை தந்தவன் அல்லாஹ்வே. அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களைப் பாருங்கள். குணமாகும் நம்பிக்கை இல்லாதவர், விட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவளிப்பார், அதுவே ஃபித்யா. ரப்பு தந்த சலுகையை ஏற்பதும் வணக்கமே. "என்ன பாய், நோன்பு இல்லையா?" என்று கேட்டு அவரைக் குன்ற வைக்காதீர்கள்.

அப்படியானால் எதைக் கொண்டு போவது? நம் நேரத்தை! ஒரு நாள் கும்பகோணம் வரை துணைக்குப் போவோம். அந்த நான்கு மணி நேரம் அருகிருந்து பேசுவோம்.

யா அல்லாஹ்! நோயுற்ற எங்கள் சகோதரர்களுக்கு ஷிஃபாவையும், எங்களுக்கு நல்ல புத்தியையும் தந்தருள்வாயாக! ஆமீன்.