கெல்லிக்குக் கந்தூரி இல்லை

என் வலது காலில், பெருவிரலுக்குச் சற்று மேலே, ஒரு தழும்பு இருக்கிறது. வேளாண்மை வெட்டுக் காலத்தில், ஒன்பது வயதில், சவளக்கடை வட்டையில் தாக்கத்தி பட்டது. கிட்டங்கித் தாம்போதி தாண்டி கல்முனைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு டொக்டர் ஆறு தையல் போட்டார். மூத்தம்மா கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிக்கு நேர்ச்சை வைத்தார். புண் ஆறியதும் டொக்டருக்கு ஒரு சீப்புக் கதலிப்பழம் போனது. கொடியேற்றத்துக்கு ஒரு துண்டுப் பச்சைச் சீலை போனது. சுபஹுத் தொழுகைக்குப் பிறகு முசல்லாவில் இருந்து அவர் அழுததோ அல்லாஹ்விடம். மூன்று நன்றிகளும் மூன்று அளவு. ஒன்றை மற்றதோடு அவர் ஒருநாளும் குழப்பியதில்லை.

இந்தத் தழும்பை எனக்குத் திரும்ப ஞாபகப்படுத்தியது என் மகள் பார்க்கும் ஒரு தொலைக்காட்சித் தொடர். சேத் மெக்ஃபார்லேன் உருவாக்கி நடித்து, 2017இல் தொடங்கிய 'த ஓர்வில்'. இருபத்தைந்தாம் நூற்றாண்டில் ஒரு விண்கப்பலும் அதன் ஆட்களும். சிரிக்கவும் வைக்கும், நெஞ்சில் கல்லையும் வைக்கும். முதல் பருவத்தின் கடைசிக் கதை, 2017 டிசம்பர் 7இல் வந்த 'மேட் ஐடோலட்ரி', என்னை இரண்டு இரவு தூங்கவிடவில்லை.

கப்பலில் கேப்டனுக்கு அடுத்த அதிகாரி கெல்லி. புதிதாகத் தென்பட்ட ஒரு கிரகத்தில் இறங்குகிறாள். அங்குள்ள மக்கள் இன்னும் ஆதிகால வாழ்க்கைதான் வாழ்கிறார்கள். ஒரு சிறுமி விழுந்து காயப்படுகிறாள். கெல்லிக்கு மனம் பொறுக்கவில்லை. கையிலுள்ள கருவியால் காயத்தை ஆற்றிவிட்டுப் போய்விடுகிறாள். அந்தக் கிரகம் மறைந்து, பதினொரு நாளில் திரும்பத் தோன்றும். கப்பலுக்குப் பதினொரு நாள். அங்கே எழுநூறு வருடம். திரும்பிப் போனால் கெல்லிதான் அவர்களின் தெய்வம். அவள் பெயரால் வணக்கம் நடக்கிறது, அவள் பெயரால் மனிதர்களைத் தண்டிக்கிறார்கள். "நான் தெய்வமல்ல" என்று மதத்தலைவரிடம் போய்ச் சொல்கிறாள். அவர் நம்புகிறார். நம்பியதற்காகத் தன் கூட்டத்தார் கையாலேயே கொல்லப்படுகிறார்.

"வாப்பா, அந்தப் பிள்ளையைச் சுகப்படுத்தாம வந்திருக்கணுமா?" என்று மகள் கேட்டாள்.

சுகப்படுத்தத்தான் வேணும், மகள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரத்தம் வடிய நிற்கிற பிள்ளைக்கு முன்னால், எழுநூறு வருடத்துக்குப் பிறகு வரப்போகும் ஷிர்க்கை, இணைவைப்பை, கணக்குப் பார்க்கும் மனிதனை நான் மதிக்க மாட்டேன். ஆனால் பிழை எங்கே பிறந்தது?

நூஹ் நபியின் சமூகம் வணங்கிய வத்து, ஸுவாஉ, யகூஸ், யஊக், நஸ்ர் என்ற ஐந்து பேரைப் பற்றி இப்னு அப்பாஸ் சொன்ன செய்தி புகாரியில் இருக்கிறது. அவர்கள் நல்ல மனிதர்கள். மௌத்தான பிறகு ஞாபகத்துக்காகச் சிலை வைத்தார்கள். வைத்தவர்கள் வணங்கவில்லை. அவர்களும் போய், அறிவும் அழிந்த பிறகுதான் வணக்கம் வந்தது. இதை ஓதும்போதெல்லாம் நான் நின்றுவிடும் இடம் அதுதான்: அன்பு அங்கே விக்கிரகம் ஆகவில்லை, மறதி ஆக்கியது. இவர் மௌத்தானவர், நம்மைப் போல அடிமை என்பதை மறந்தார்கள். 632இல் மதீனாப் பள்ளியில் அபூபக்கர் எழும்பி நின்று, அழுதுகொண்டிருந்த ஜனத்துக்கு முஹம்மது மௌத்தாகிவிட்டார் என்று சொன்னாரே, அதைவிடப் பெரிய அன்பு எது? கெல்லி மௌத்தாவதை அந்தக் கிரகத்தில் யாரும் பார்க்கவில்லை. அவள் சாப்பிட்டதை, களைத்ததை, தும்மியதை யாரும் பார்க்கவில்லை. வந்தாள், தொட்டாள், மறைந்தாள். அப்படி மறைந்தவளைத் தெய்வமாக்குவது லேசு.

கடைசியில் அந்தக் கிரகத்தார் வளர்ந்து, இருவர் கப்பலுக்கு வந்து கெல்லிக்கு ஆறுதல் சொல்கிறார்கள்: நீங்கள் இல்லாவிட்டால் வேறொன்றை வணங்கியிருப்போம், அது ஒரு சமூகம் வளரும்போது கடக்கிற படி என்று. இதில் நான் தொடரோடு உடன்படவில்லை. அவர்கள் கடந்தது கெல்லியை. அல்லாஹ்வை அல்ல. கொல்லப்பட்ட அந்த மதத்தலைவர், இவள் தெய்வமல்ல என்று ஒப்புக்கொண்ட நேரத்தில் லா இலாஹ, தெய்வம் எதுவுமில்லை, என்கிற கலிமாவின் முதல் பாதியைச் சொல்லிவிட்டார். மற்றப் பாதியைச் சொல்ல அவரை விடவில்லை.

எங்கள் பகுதியில் இது வெறும் கதையல்ல. ஜமாதுல் ஆகிர் பிறை பிறந்தால் கடற்கரைப் பள்ளியில் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகை பேரில் கந்தூரிக் கொடி ஏறும். ஒரே வீட்டில் உம்மா போவார், மகன் ஷிர்க் என்பான். என் தம்பி அந்தப் பக்கமே போவதில்லை. அவன் பயம் நியாயமானது; எழுநூறு வருடம் என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியும். நானும் நேர்ச்சை வைப்பதில்லை. ஆனால் மூத்தம்மாவை முஷ்ரிக் என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்காது. கந்தூரி என்பது என்ன? அந்த மனிதர் வஃபாத்தான நாளின் ஞாபகம். இவர் மௌத்தானவர் என்று வருடா வருடம் ஊர் கூடிச் சொல்வது அது. அந்த அர்த்தம் பிள்ளைகளிடம் போய்ச் சேர்கிறதா என்பதுதான் என் கவலை எல்லாம்.

போன முறை மகளைக் கூட்டிப்போனேன். கடற்காற்றில் கொடி படபடவென்று அடித்தது.

"ஆண்டகை இதுக்குள்ளயா இருக்கார், வாப்பா?"

"இல்ல மகள். அவர் நாகூர்ல அடங்கியிருக்கார்."

"அப்ப இங்க?"

"இங்க ஒருத்தருமில்ல."

அவருக்காக ஒரு பாத்திஹா ஓதினோம். பிறகு மூத்தம்மாவுக்கும் ஒன்று.