வேலியோரக் கள்ளி

பெங்களூருவை அடுத்த ஹெசரகட்டா போகும் சாலையில் ஒரு தோட்டத்துக்கு வேலியே சப்பாத்திக்கள்ளிதான். இந்த மண்ணிலேயே முளைத்தது போலத் தழைத்து நிற்கிறது. ஆனால் காக்டஸ் குடும்பம் ஏறக்குறைய முழுவதும் அமெரிக்கக் கண்டங்களுக்குச் சொந்தம். ஐரோப்பியக் கப்பல்கள் வருமுன் இங்கே சப்பாத்திக்கள்ளி கிடையாது. நம்முடைய பழைய கள்ளி சதுரக்கள்ளி. கீறினால் பால் வடியும். சப்பாத்திக்கள்ளியைக் கீறினால் கொழகொழவென்று நீர்தான் கசியும்.

*

இளம் மடல் ஒன்றை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இலை என்று நாம் நினைப்பது தண்டு. உண்மையான இலை, மடலில் முள் முளைக்கும் ஒவ்வொரு கண்ணிலும் சின்னக் கூம்பாக, பச்சையாக நீட்டிக்கொண்டிருக்கிறது. மடல் முற்றுவதற்குள் உதிர்ந்துவிடும். அதனடியில் பெரிய முட்கள். அவற்றைச் சுற்றி மயிர் போன்ற பொடிமுட்கள். பெரிய முள் குத்தினால் பிடுங்கிவிடலாம். பொடிமுள் விரலில் ஏறினால் கண்ணுக்கும் தெரியாது, எளிதில் வரவும் வராது.

*

இங்கே நிற்பது ‘டில்லேனியை’ என்ற சப்பாத்திக்கள்ளி இனம். முள் மஞ்சள், சற்றே வளைந்து தட்டையாக இருக்கும், பூவும் மஞ்சள், பழம் கருஞ்சிவப்பு. முள் பழுப்பாகவும் பூவில் செம்மை கலந்தும் இருந்தால் எலாட்டியர். மடல் மெலிந்து பளபளத்து, ஒரு கண்ணுக்கு ஒன்றிரண்டு முள் மட்டும் இருந்தால் மோனகாந்தா.

*

இந்த வேறுபாடுகளை நம்மைவிட நுட்பமாக அறிந்தது ஒரு பூச்சி. செஞ்சாயம் தரும் காக்கினீல் பூச்சி என்று நம்பி 1795இல் பிரேசிலிலிருந்து வங்காளத்துக்கு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சென்னையில் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் இதே சாயக் கனவோடு சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டிருந்தார். வங்காளத்துக்கு வந்ததோ வேறு இனம்; சாயம் தேறவில்லை. ஆனால் அது மோனகாந்தாவைத் தேடித் தேடித் தின்றது. 1836 வாக்கில் அதைத் தென்னாட்டிலும் விட்டார்கள். இங்கும் மோனகாந்தா பெருமளவு அழிந்தது. பக்கத்திலேயே நின்ற டில்லேனியையை அது சீண்டவில்லை. டில்லேனியைக்கும் எலாட்டியருக்கும் உரிய இன்னொரு பூச்சி 1926இல் இலங்கை வழியாக வந்த பிறகே, சில ஆண்டுகளில் சுமார் 40,000 ஹெக்டேர் நிலம் கள்ளியிலிருந்து மீண்டது. நச்சு மருந்து ஒரு சொட்டு இல்லாமல் இது நடந்ததை நினைக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது.

*

ஹெசரகட்டா வேலியிலும் அங்கங்கே வெண்பஞ்சு ஒட்டியிருக்கிறது. குச்சியால் நசுக்கினால் ரத்தச் சிவப்பு. பஞ்சுக்குள் இருப்பது 1926இல் வந்த அந்தப் பூச்சியினம்தான்.

*

இப்படி ஒரு செடியைப் பார்த்தால் மடலை மட்டும் வைத்துப் பெயர் சொல்லிவிடாதீர்கள். முள்ளின் நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பூக்கும்வரை பொறுத்திருங்கள், பழத்தையும் பாருங்கள். வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள்.