எண்ணும் உடைமையும்

நிலமும் நீரும் தனியுடைமையான வரலாற்றை நாம் அறிவோம். வெறும் எண்ணும் உடைமையாகக் கூடுமோ? கூடும் என்பதற்கு இணையத்தின் முகவரிகளே சான்று.

இணையத்தில் இயங்கும் கணினிக்கு எண் வடிவிலான முகவரி ஒன்று வேண்டும். 1981இல் வகுக்கப்பெற்ற நான்காம் பதிப்பு விதிமுறை ஏறத்தாழ 430 கோடி முகவரிகளுக்கே இடமளித்தது. முந்தி வந்த அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் கம்பனிகளும் சில, தலைக்கு 1 கோடி 67 இலட்சம் முகவரிகளை விலையின்றிப் பெற்றன. உலகப் பொதுக் களஞ்சியமோ 2011 பெப்ரவரியில் வெறுமையாயிற்று. அவ்வாண்டிலேயே, வங்குரோத்தான நோர்டெல் கம்பனியிடமிருந்து 666,624 முகவரிகளை மைக்ரோசொப்ட் 75 இலட்சம் டொலருக்கு வாங்கிற்று. எவர் உழைப்பாலும் விளையாத எண் பண்டமாயிற்று.

உறங்கிக் கிடந்த முகவரிகளைச் சந்தை பயனுக்குக் கொணர்கிறதே என்பர் சிலர். உண்மையே. ஆயின் அவ்விலையைப் பெறுபவர் முந்தி வந்தவர். கொடுப்பவர் பிந்தி வந்தவர். கொடுக்க இயலாதவிடத்துப் பலர் ஒரே முகவரியின் பின்னே ஒதுங்குகின்றனர். அவர்கள் பிறர் கதவைத் தட்டலாம். அவர்களைத் தேடி வருவோர் தட்டுதற்குக் கதவில்லை.

ஆறாம் பதிப்பு 1995இலேயே வெளியாயிற்று. அதன் 128 பிட் முகவரிகளுக்குத் தட்டுப்பாடு என்பதில்லை. எவரும் கையாளத் திறந்தே வைக்கப்பட்ட விதிமுறை அது. எனினும் இரு பதிப்புகளும் நேரே உரையாடா. ஆதலின் புதியவரும் பழைய முகவரியை நாடவேண்டியுள்ளது. அதனை நிறைய வைத்திருப்போர்க்கோ மாற்றத்தில் அவசரமில்லை.

விஞ்ஞானம் தட்டுப்பாட்டுக்கு முடிவு கண்டுவிட்டது. தட்டுப்பாட்டினால் பயனடைவோரை நாம் என்செய்யப் போகின்றோம்?