பெயர் தெரியாமல் பிடித்தது

அனிமே பார்க்கிறவர்களிடம் "உங்களுக்கு முதன்முதலில் பிடித்த தொடர் எது?" என்று கேட்டால், பதிலுக்கு முன்னால் ஒரு சின்னத் தயக்கம் வரும். உண்மையில் அது டோரேமானாக இருக்கும், ஷின்சானாக இருக்கும், பள்ளி விட்டு வந்ததும் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து பார்த்த போகிமானாக இருக்கும். வாயில் வருவதோ 'அகிரா', அல்லது மியாசாகியின் படம் ஒன்று. அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. பின்னால் வளர்ந்த ரசனையைத் தூக்கிக் கொண்டுபோய் முன்னால் வைத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். பாட்டுக் கேட்கிறவர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். கச்சேரிக் கூடம் வரை கைபிடித்துக் கூட்டிவந்த சினிமாப் பாட்டை, உள்ளே போய் உட்கார்ந்த பிறகு யாரும் பேச்சில் எடுப்பதில்லை.

என்னுடையது தூர்தர்ஷனில் வந்த 'ஜங்கிள் புக்', ஓநாய்கள் வளர்த்த மௌக்லி என்ற பையனின் கதை. 1993 வாக்கில், ஞாயிற்றுக்கிழமை காலையில், இந்தியில்.

ரேணிகுண்டா ரயில்வே குவார்ட்டர்ஸில் அப்போது இருந்தோம். அப்பா கூட்ஸ் வண்டியில் கார்டு. குந்தக்கல் பக்கம் போனால் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. அப்பாவுக்குத் தெரிந்த இந்தி டியூட்டிக்கு வேண்டிய அளவுதான். மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. குல்சார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்த அந்த முகப்புப் பாட்டை, ஒரு வரிக்கும் பொருள் தெரியாமல் தெருவே பாடிக்கொண்டிருந்தது. ஷேர்கானுக்குக் குரல் கொடுத்தவர் நானா படேகர் என்பதும், நானா படேகர் என்றால் யார் என்பதும் எனக்கு வெகுகாலம் கழித்துத் தெரிந்தவை. கறுப்பு வெள்ளைப் பெட்டியில் அந்தக் குரல் உறுமினால் பாட்டி புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். "என்னடா சொல்றான் அந்தப் புலி?" என்பாள். நான் சொல்வேன். எனக்கும் இந்தி தெரியாது என்பது அவளுக்குத் தெரியும், ஆனாலும் கேட்பாள். ஓநாய்த் தாய் லூரி இதைச் சொன்னாள், கருஞ்சிறுத்தை பகீரா இப்படிக் கோபித்துக்கொண்டான் என்று தமிழில் நான் கதை நடத்துவேன். சாயங்காலம் தெருவில் அதே கதை தெலுங்கில், வேறு வசனத்தோடு நடக்கும்.

அது ஜப்பானில் வரைந்த தொடர் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அனிமே என்ற சொல்லே அந்தத் தெருவுக்கு வந்திருக்கவில்லை. பம்பாயில் பிறந்த ஆங்கிலேயர் கிப்ளிங் 1894-இல் வெளியிட்ட புத்தகம். அதை எடுத்து நிப்பான் அனிமேஷன் என்ற நிறுவனம் 52 பகுதிகளாகச் செய்ய, 1989 அக்டோபர் முதல் டிவி டோக்கியோவில் ஓடியது. இயக்கியவர் ஃபுமியோ குரோகாவா. இதே நிறுவனத்தில்தான் மியாசாகி 1978-இல் 'ஃபியூச்சர் பாய் கோனன்' தொடரை இயக்கினார். மியாசாகி பெயரைச் சொல்கிறவர்களும் மௌக்லி பெயரைச் சொல்கிற என்னைப் போன்றவர்களும் அவ்வளவு தூரத்து உறவுக்காரர்கள் இல்லை.

2020-இல் அதை மறுபடி பார்த்தேன். ஊரடங்கு அறிவித்துச் சில நாள் கழித்து, ஏப்ரல் 8 முதல், தூர்தர்ஷன் பழைய 'ஜங்கிள் புக்'கை மதியம் 1 மணிக்கு ஒளிபரப்பத் தொடங்கியது. ரேணிகுண்டா சந்திப்பை அப்படி நான் பார்த்ததே இல்லை. கூடூர், அரக்கோணம், கடப்பா, திருப்பதி என்று எல்லாத் திசையிலிருந்தும் ராப்பகலாக வண்டி வந்து போகிற இடத்தில் ஒரு பயணி வண்டி கிடையாது, ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு கிடையாது. சரக்கு வண்டிகள் மட்டும் ஓடின. அவற்றில் ஒன்று எங்கள் ஊருக்கே உரியது: மார்ச் கடைசியில் தொடங்கிய 'தூத் துரந்தோ', ரேணிகுண்டாவிலிருந்து டேங்கர்களில் பால் ஏற்றிக்கொண்டு டில்லி ஹஜ்ரத் நிஜாமுதீனுக்குப் போன வண்டி. அந்த மாதங்களில் ஊரில் கேட்ட ஹாரன் சத்தங்களில் அதுவும் ஒன்று. அக்கா வீட்டு முன்னறையில், பத்து வயது அக்கா பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மௌக்லியின் காட்டை முதன்முதலாக வண்ணத்தில் பார்த்தேன்.

குறைகள் கண்ணில் படத்தான் செய்தன. கதை மத்தியப் பிரதேசத்துச் சியோனிக் காட்டைச் சேர்ந்தது. அங்கே இமயமலைப் பக்கம் வாழ்கிற சிவப்புப் பாண்டாவின் குட்டி ஒன்று மௌக்லியின் தோழனாகத் திரிகிறது. ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் பூமராங்கை எறிந்து மௌக்லி சண்டை போடுகிறான். ஓநாய்கள் ஓடும் ஓட்டம் ஒரே வரைபடங்களைத் திரும்பத் திரும்பச் சுற்றியது. பையன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப ஸ்லோவா போகுது மாமா" என்றான்.

ஸ்லோதான். அந்த நிதானத்தில் என் சின்ன வயதுக்கு ஒரு விடை கிடைத்தது. அந்த நிதானத்தின் வேர் பழையது. 1963 ஜனவரி 1-ஆம் தேதி ஓவியர் தெசுகாவின் 'அஸ்ட்ரோ பாய்' ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியபோது, வாரம் ஓர் அரைமணிக் கதை தர வேண்டியிருந்தது. காசு குறைவு, ஆள் குறைவு. திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகம் ஓடும். ஒரே வரைபடத்தை மூன்று சட்டகத்துக்கு வைத்துக்கொண்டால் நொடிக்கு எட்டுப் படம் வரைந்தால் போதும். ஆள் பேசும்போது முகம் அப்படியே நிற்கும், வாய் மட்டும் அசையும். காட்டைக் காட்ட ஒரு நீளமான ஓவியம் தீட்டிவிட்டு, அதன் மேல் கேமராவை மெல்ல நகர்த்துவார்கள். இப்படிச் சிக்கனத்துக்காகக் கைக்கொண்ட வழிகள் பின்னால் வந்தவர்கள் கையில் ஒரு கலையாகவே பழுத்தன. நிற்கிற முகத்தில் உணர்ச்சியைக் காட்ட வேண்டியிருந்ததால் கண்ணை வரைவதில் அத்தனை கவனம் வைத்தார்கள். ஒன்றும் நடக்காத நொடிகள் கதைக்குள் வந்தன. காற்றடிக்கும், புல் சாயும், யாரும் பேசமாட்டார்கள்.

ரேணிகுண்டாவில் இந்தி தெரியாத ஒரு பிள்ளை பாட்டிக்குக் கதை சொல்ல முடிந்தது அந்த இடைவெளிகளால்தான். முகத்தைப் பார்க்க நேரம் இருந்தது. பார்த்ததைத் தமிழில் சொல்லி முடிக்கவும் நேரம் இருந்தது.

இதை நண்பர்களிடம் சொன்னால், சிலர் வேறு காரணம் சொல்வார்கள். மௌக்லி ஓநாயும் இல்லை, மனிதனும் இல்லை. நீ தெலுங்கு ஊரில் தமிழ்ப் பிள்ளை. அதனால் ஒட்டிக்கொண்டது என்பார்கள். கேட்க அழகாக இருக்கிறது. எனக்கு அது ஒப்பவில்லை. எங்கள் பக்கத்தில் இரண்டு மொழி பேசுவது ஒரு துயரமே இல்லை. 1953 வரை சென்னை மாகாணத்தோடு இருந்த பழைய சித்தூர் மாவட்டம் எங்களுடையது. 1960-இல் திருத்தணி அந்தப் பக்கம் போனது, நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம். அப்புறமும் கடைத்தெருவில் ஒரே ஆள் தமிழில் விலை கேட்டு தெலுங்கில் பேரம் பேசுகிறான். என்னை அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார வைத்தது சாய்ந்த புல்லும் அசையாத முகமும்தான். இன்றும் எந்த ஊர்ப் படமானாலும் யாரும் பேசாத இடத்தில்தான் நான் நிமிர்ந்து உட்காருகிறேன்.

ஆகவேதான் தொடக்கத்தை மாற்றிச் சொல்லக்கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். வளர்ந்த பிறகு ஒன்றைப் பிடித்திருக்கிறது என்று சொல்லும்போது, அது பிடித்தவனாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையும் அதில் கலந்திருக்கிறது. யார் மெச்சினார்கள், எந்த விருது வாங்கியது என்பதெல்லாம் காதில் விழுந்த பிறகுதான் பார்க்கிறோம். எதை மெச்ச வேண்டும் என்றே தெரியாத வயதில் ஒன்று நம்மைப் பிடித்து நிறுத்தியதென்றால் அந்த விருப்பத்தில் வேறு யாருக்கும் பங்கில்லை. அந்தத் தொடர் பெரிய படைப்பாக இருக்க வேண்டியதில்லை. அதில் எந்த இடத்தில் நின்றோம் என்பதைத் தேடிப் பார்த்தால் போதும். இன்றைய நம் ரசனை எங்கே முளைத்தது என்பது தெரியும்.

ரேணிகுண்டாவிலிருந்து கூடூர் தடத்தில் போனால் அடுத்த பெரிய ஊர் காளஹஸ்தி. அங்கே மூங்கில் எழுதுகோலைச் சாயத்தில் தோய்த்துத் துணியில் ராமாயணம் எழுதுகிறார்கள், கட்டம் கட்டமாக, அச்சில்லாமல், கையாலேயே. எழுத்து வாசிக்கத் தெரியாதவரும் நின்று பார்த்துக் கதையைச் சொல்லிவிடலாம். என் பாட்டி மௌக்லியை அப்படித்தான் பார்த்தாள். யூகோ சாகோவும் ராம் மோகனும் சேர்ந்து செய்த ஜப்பானிய ராமாயணம் 1993-இல் டில்லித் திரைப்பட விழாவுக்கு வந்தது. அது 2025 ஜனவரி 24-ஆம் தேதி தமிழிலும் தெலுங்கிலும் இங்கே திரையரங்குக்கு வந்தபோது பாட்டி இல்லை. அவளுக்குக் கதை சொல்ல அன்றைக்கு நான் தேவைப்பட்டிருக்கமாட்டேன். அது ஒரு வருத்தம்.

அதே ஆண்டு செப்டம்பர் 12-ஆம் தேதி 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்' என்ற அனிமே படம் வந்தது. திருப்பதியில் அக்கா பையனோடு போனேன். பதினைந்து வயது. மௌக்லியை அனிமே என்று அவன் ஒப்புக்கொள்வதில்லை. தியேட்டர் வாசலில் அவனைவிட நாலைந்து வயது மூத்த சில பையன்கள், டப்பிங்கில் பார்ப்பவனெல்லாம் ரசிகனா என்று உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவன் முகம் சுருங்கியது. அந்தப் பையன்கள் எந்த டப்பிங்கில் தொடங்கினார்களோ! தான் வந்த வழியை மறைக்கிறவன்தான் அடுத்து வருகிறவனை இப்படி வாசலில் நிறுத்தி விசாரிக்கிறான். மனசு கொதித்தது. ஆனால் வாதத்துக்குப் போகவில்லை. படம் முடிந்து ஆட்டோவில் ரேணிகுண்டா திரும்பும்போது அவனிடம் ஒன்றுதான் கேட்டேன்: முதன்முதலில் எந்த இடத்தில் உனக்கு இந்தத் தொடர் பிடித்தது?

சண்டைக் காட்சி ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன்.

"முதல் சீசன்ல, மாமா. மலையில பரீட்சை வைப்பாங்களே, அங்க கையா முளைச்ச அரக்கன் ஒருத்தன் வருவான். ஹீரோ தான்ஜிரோ அவனை வெட்டிட்டு, அப்புறம் அவன் கையைப் பிடிச்சுக்கறான்."

"தான்ஜிரோ குருவோட சீடப் பிள்ளைகளையெல்லாம் கொன்னவன் ஆச்சே?"

"ஆமா. அதான். கொன்னவன் கையையே பிடிச்சுக்கறான்." அரக்கனாகும் முன் அவன் யார் என்று நான் கேட்டதும் பையன் நேராக உட்கார்ந்துகொண்டான். "அண்ணன் கையைப் பிடிச்சுக்க ஆசைப்பட்ட சின்னப் பையன், மாமா. அதுகூட அவனுக்கு மறந்து போயிருக்கும்."

இதை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நான் கையில் ஒரு பட்டியல் வைத்திருந்தேன், தகாஹாதா, மியாசாகி என்று, அவனுக்குக் கொடுக்கலாமென்று. கொடுக்கவில்லை, கேட்கும்போது கொடுத்துக்கொள்ளலாம். அவன் அடுத்த அரக்கனின் கதைக்குப் போய்விட்டான். எனக்கும் அந்தத் தொடர் தெரியும்தான். ஆனாலும் அடுத்து என்ன, அடுத்து என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.