ஈரமுள்ள நெஞ்சு

"அவனுக்கு நெஞ்சிலே ஈரமில்லை" என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். வீட்டிலும் சந்தையிலும் கடற்கரையிலும் வழங்கும் பேச்சு இது. "நெஞ்சில் எப்படி ஈரம் இருக்கும்?" என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. நீரின் தன்மையைச் சொல்லும் ஒரு சொல் அன்பையும் இரக்கத்தையும் குறிப்பது நமக்கு அவ்வளவு இயல்பாகிவிட்டது. திருவள்ளுவர் 'இனியவை கூறல்' என்னும் அதிகாரத்தின் முதற் குறளிலேயே ஈரம் கலந்த சொல்லைத்தான் இன்சொல் என்கிறார். உரை எழுதிய பரிமேலழகர் அந்த ஈரத்துக்கு அன்பு என்றே பொருள் கொண்டார்.

இத்தகைய ஒரு சொல் மேல்நாட்டிலும் இருந்தது. இலத்தீனில் ஈரத்தையும் நீர்மத்தையும் குறித்த ஒரு சொல், பிரெஞ்சு வழியாக மத்திய கால ஆங்கிலத்துக்கு வந்து 'ஹியூமர்' ஆயிற்று. நிலத்தின் ஈரம், மரத்தின் சாறு, உடம்பின் நீர் எல்லாவற்றுக்கும் அந்நாளில் அந்த ஒரு பெயர் வழங்கிற்று. இரத்தம், கபம், மஞ்சட் பித்தம், கரும் பித்தம் என நான்கு நீர்கள் உடலில் உண்டு என்றும், அவற்றின் ஏற்றத்தாழ்வே நோய்க்கும் குணத்துக்கும் காரணம் என்றும் கிரேக்கர் வழிவந்த மருத்துவம் கற்பித்தது. நமது வைத்தியர்கள் நாடி பிடித்து வாதம், பித்தம், கபம் என்று சொல்லக் கேட்டவர்களுக்கு இது புதுமையாக இராது. நாளடைவில் அச்சொல் நீரை விட்டு மனிதனுடைய சுபாவத்தைக் குறித்தது. பின்பு அவனுடைய விசித்திரப் போக்கைக் குறித்தது. 1598இல் மேடையேறிய பென் ஜோன்சனின் நாடகம் ஒன்று அந்தப் பொருளிலேயே இச்சொல்லைத் தலைப்பில் தாங்கியிருந்தது. விசித்திரப் போக்கு சிரிப்பை மூட்டுமல்லவா? கடைசியில் அச்சொல் நகைச்சுவையில் வந்து நின்றது. கண்ணுக்குள் இருக்கும் நீர்மத்தை மட்டும் வைத்தியர்கள் இன்றும் பழைய பொருளில் ஹியூமர் என்கிறார்கள்.

இரண்டு சொற்களும் புறப்பட்ட இடம் ஒன்று. போய்ச் சேர்ந்த இடம் வேறு. ஆங்கிலச் சொல் ஒருவனுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தது. தமிழ்ச் சொல் அவனிடமிருந்து அயலவனுக்கு என்ன போகிறது என்று பார்த்தது. இதைக் கொண்டு நாம் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டியதில்லை. சொல் நம்மிடம் இருப்பதால் பொருளும் நம்மிடம் இருக்கிறது என்று ஆகிவிடாது. ஆகவே கேட்போம்: நெஞ்சின் ஈரம் என்பது யாது? கண் கலங்குவதா? கை நிறையக் கொடுப்பதா?

விடை தேடி வாகரைப் பக்கம் போவோம். மட்டக்களப்பு மாவட்டத்தின் வட கோடியில், கிழக்கே கடலும் வடக்கே வெருகல் ஆறும் தெற்கே பனிச்சங்கேணி வாவியுமாக, நீர் சூழ்ந்த பிரதேசம் அது. ஆயினும் பூமிசாஸ்திரப் புத்தகம் அதை உலர்வலயத்தில் சேர்த்திருக்கிறது. மழையே இல்லாத ஊரா அது? கார்த்திகையிலும் மார்கழியிலும் வாடையோடு கொட்டும் மழையில் தெருவும் வயலும் ஒன்றாகிவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களிலோ அதே நிலத்தில் கால் வைக்க முடியாமல் மணல் சுடும். மணல் எவ்வளவு தண்ணீரையும் குடிக்கும், ஒன்றையும் வைத்திருக்காது. அதே மணலில் உக்கிய இலைகுழையும் சாணமும் சேர்ந்த இடத்தில், மழை ஓய்ந்து பல நாள் சென்ற பின்னும் விரலால் கிண்டினால் குளிர்ச்சி தட்டும். பயிர் செய்கிறவர் அதைத்தான் ஈரம் என்கிறார். பெய்யும் மழைக்கு அந்தப் பெயரில்லை. ஓடும் வெள்ளத்துக்கும் இல்லை. நீர் போன பிறகு மண் பிடித்து வைத்திருப்பதுதான் ஈரம்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த ஊரின் அண்மைக்காலச் சரித்திரத்தைப் பாருங்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தது. உலகமே அழுதது, நாடு நாடாக உதவி வந்தது. அந்த அழுகை பொய் என்று சொல்ல முடியாது. இரண்டு வருடம் முழுதாகக் கழியுமுன்னே, 2006 நவம்பர் 8ஆம் திகதி, இடம்பெயர்ந்த மக்கள் தஞ்சமடைந்திருந்த கதிரவெளிப் பாடசாலையில் எறிகணைகள் வீழ்ந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2007 ஜனவரியில் வாகரை இராணுவத்தின் வசமானபோது, மக்களில் பெரும்பாலோர் ஊரை விட்டு வெளியேறியிருந்தனர். கடல் வந்த நாளில் அழுத உலகத்தில் எத்தனை பேர் இப்போது திரும்பிப் பார்த்தார்கள்? கரைபுரண்டு வந்த இரக்கம் வெள்ளமாகவே வடிந்துவிட்டது.

கடல் இன்னொரு பாடத்தையும் கற்பித்தது. உப்பு நீர் புகுந்த நிலம் நனைந்துதான் இருக்கும். ஆனால் உப்பேறிய மண்ணிலிருந்து வேரால் நீரை உறிஞ்ச முடியாது. நனைந்த மண்ணில் நின்றபடியே பயிர் வாடும். பெறுகிறவரை வரிசையில் நிறுத்தி, படம் பிடித்து, பெயர்ப்பலகை நட்டுக் கொடுக்கும் உதவியும் இப்படிப்பட்டதே. பொருள் கை மாறும். பெற்றவருடைய மனம் அதனால் தளிர்ப்பதில்லை.

12ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வாழ்ந்த புனித ஹில்டகார்ட் மருத்துவமும் அறிந்த துறவி. 2012இல் அவர் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்டார். ஆன்மாவின் நலத்தை அவர் 'பசுமை' என்ற சொல்லாலும், அதன் கேட்டை 'வறட்சி' என்ற சொல்லாலும் விளக்கினார். பச்சைச் சாயம் பூசி ஓர் இலையை உயிர்ப்பிக்க முடியுமா? வேரடியில் ஈரம் இருந்தால் இலை தானே பசுமையாகும்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். இளகிய மனம் நியாயத்தைக் கெடுத்துவிடாதா? தராசு பிடிப்பவரும், தீர்ப்புச் சொல்பவரும், பரீட்சைத்தாள் திருத்துபவரும் உலர்ந்த மனத்தோடு இருக்க வேண்டாமா? நல்ல கேள்விதான். நெல்லைப் பாருங்கள். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே ஈரப்பதன் நூற்றுக்கு 14 அளவுக்கு இறங்கும்வரை காயவைத்துத்தான் களஞ்சியத்தில் சேர்க்கிறோம். அதே விதைநெல்லை விதைப்பதற்கு முன் ஒரு நாள் ஊறப்போட்டு, சாக்கால் மூடி, முளை கட்டுகிறோம். காப்பதற்கு உலர்வு வேண்டும். விளைவதற்கு ஈரம் வேண்டும். கடன் சங்கத்தில் தவணை தவறியவருக்காகக் கணக்கை மாற்றி எழுதுவது இரக்கமாகாது. அது பலருடைய காசை அழுக விடுவது. கணக்கு உள்ளபடியே இருக்கட்டும். ஆனால், ஏன் தவறிற்று என்று அவருடைய வீட்டுக்குப் போய் விசாரிக்கலாமே! புத்தகம் உலர்ந்திருக்க, மனிதன் ஈரமாயிருக்க முடியும்.

அப்படியானால் இந்த ஈரத்தை நெஞ்சில் நிறுத்துவது எப்படி? மணலில் உதிர்ந்ததும் உக்கியதும் சேரும்போதுதான் அது நீரைப் பிடிக்கிறது. மனிதனும் அவ்வாறே. துன்பம் தானாக எவரையும் இளக்கிவிடாது, கல்லாக்கவும் கூடும். தான் பட்டதைச் சொல்லிச் சொல்லிக் கசந்து போகிறவர்களும் உண்டு. பட்டது உள்ளே உக்கி உரமானவர்களே பிறருடைய துன்பத்தை நெடுநாள் தாங்குகிறார்கள். இதற்குக் காலமும் பொறுமையும் வேண்டும். பார்ப்பவர் கண்ணுக்கு இது தெரியவும் தெரியாது.

நம் வீடுகளுக்கு அருகிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். செத்த வீட்டுக்கு முதல் நாள் ஊரே திரள்கிறது. முப்பத்தோராம் நாளும் போய்ச் சாப்பிட்டு வருகிறோம். அதற்கடுத்த மாதம், பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கக் காசில்லாமல் அந்தத் தாய் தனித்திருக்கும் ஒரு மாலையில், அந்தப் படலையைத் திறந்து உள்ளே போகிறவர் யார்? நெஞ்சில் ஈரம் உள்ளவரை அங்கே காணலாம்.