தோற்காத அணி

2007-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 7-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, நாங்கள் குடியிருக்கும் ஹாமில்டன் நகரத் தெருவில் புல்வெட்டும் இயந்திரத்தின் ஓசை ஒன்றுகூடக் கேட்கவில்லை. நியூசிலாந்து தேசத்தில் வசந்த காலத்து ஞாயிறு என்பது புல்வெட்டுவதற்கென்றே ஏற்பட்ட தினம். ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த என் தாயார், சன்னல் திரையை விலக்கி இரண்டு மூன்று முறை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, தெருவில யார் வீட்டிலயாவது துக்கமா?" என்று கேட்டார். "ஆமாம் அம்மா, எல்லார் வீட்டிலும்தான்" என்றேன்.

அன்று காலை எட்டு மணிக்கு, அதாவது கார்டிஃப் நகரத்தில் முந்தின நாள் இரவு, ரக்பி உலகக் கோப்பையின் கால் இறுதி ஆட்டம் தொடங்கிற்று. முதல் பாதி முடிகையில் 13-க்கு 3 என்று முன்னணியில் இருந்த நியூசிலாந்தின் ஆல் பிளாக்ஸ் அணி, ஆட்டம் முடிகையில் பிரான்ஸிடம் 18-க்கு 20 என்று தோற்றுப் போயிற்று. அதற்கு முன் நடந்த ஐந்து உலகக் கோப்பைகளிலும் அரை இறுதிக்கு முன்னால் வீடு திரும்பியறியாத அணி அது. அப்போது நாற்பது லட்சம் ஜனங்களே இருந்த இந்தச் சிறு நாட்டில், அன்றைய தினம் நாற்பது லட்சம் தேர்வாளர்கள் உதயமானார்கள்.

தோல்விக்குக் காரணம் கண்டுபிடிப்பதில் மனித புத்திக்குள்ள உற்சாகம் வேறெந்தக் காரியத்திலும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பிரான்ஸின் மிஷலாக்குக்கு வந்த பந்து முன்னோக்கி எறியப்பட்டதென்றும், இருபத்தெட்டு வயதே ஆன நடுவர் வேய்ன் பார்ன்ஸ் அதைக் காணத் தவறியதால்தான் ஜோசியோன் கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்த ட்ரை செல்லுபடியாயிற்றென்றும் சொன்னவர்கள் ஒரு கட்சி. (அந்த எறிதல் முன்னோக்கிப் போனது உண்மை, திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள் யாரும் அதை மறுக்கவில்லை.) ஆல் பிளாக்ஸின் டான் கார்ட்டர் காயத்தோடு நொண்டிக்கொண்டு வெளியேறியது விதி என்றார்கள் சிலர். கம்பங்களுக்கு எதிரே அத்தனை நேரம் பந்தை வைத்துக்கொண்டு ஒரு டிராப் கோல் அடிக்கத் தெரியாதா என்று பற்களைக் கடித்தார்கள் வேறு சிலர். கறுப்புச் சட்டையைக் கழற்றிச் சாம்பல் நிறச் சட்டை போட்டுக்கொண்டதே அபசகுனம் என்று சொன்னவரையும் நான் நேரில் சந்தித்தேன். அவர் கணிதம் கற்பிக்கிறவர்.

ஆயினும் இந்தக் கட்சிகளெல்லாம் இறுதியில் வந்து சங்கமித்த இடம் தேர்வுதான். பயிற்சியாளர் கிரஹாம் ஹென்றி, ஆட்டத்துக்கு ஆட்டம் ஆட்களை மாற்றிச் சுழற்சி முறையில் களம் இறக்கியதும், உடலைத் தேற்றிக்கொள்ளட்டும் என்று முன்னணி ஆட்டக்காரர்கள் 22 பேரை அவ்வாண்டு சூப்பர் 14 போட்டியின் முதல் ஏழு வாரங்களுக்கு வெளியே நிறுத்தி வைத்ததும், ஆட்டத்துக்கு முன்பு தீர்க்கதரிசனம் என்றும், ஆட்டத்துக்குப் பின்பு பைத்தியக்காரத்தனம் என்றும் பெயர் பெற்றன. இடையில் கழிந்த காலம் எண்பது நிமிஷம்.

எங்கள் பக்கத்து வீட்டுக் கிழவர் ஓய்வு பெற்ற பிளம்பர். பருவம் வந்தால் வைக்காட்டோ ஆற்றில் வலை போட்டு, விரல் நீளம்கூட இல்லாத ஒயிட்பெயிட் என்னும் பொடிமீன் பிடிப்பவர். ரக்பி விஷயத்தில் எனக்கு வாய்த்த ஆசான். ஒவ்வொரு பெரிய ஆட்டத்துக்கும், அணியின் பட்டியல் வெளியாவதற்கு முன்பாகவே, மின்சாரக் கட்டண உறை ஒன்றின் பின்புறத்தில் 1 முதல் 15 வரை எண்ணிட்டுத் தம்முடைய அணியைப் பென்சிலால் எழுதித் தேதியும் போட்டு, சமையலறையில் பிஸ்கட் டப்பா ஒன்றினுள் போட்டு வைப்பது அவர் வழக்கம். ஒருநாள் வேடிக்கையாக, "உங்கள் அணி விளையாடியிருந்தால் எத்தனை ஆட்டம் ஜெயித்திருக்கும்?" என்று கேட்டேன். "என் அணி இதுவரை ஒரு ஆட்டத்திலும் தோற்றதில்லை" என்று கண்ணைச் சிமிட்டினார்.

அந்த ஞாயிறு பிற்பகல் அவர் வேலியோரம் வந்து நின்று, பதின்மூன்றாம் எண்ணைப் பற்றி எனக்கு ஒரு பிரசங்கமே செய்தார். பதின்மூன்றாம் எண் என்பது வெளிப்புற சென்டர்; எதிரி எந்தப் பக்கம் பாய்வான் என்று கண நேரத்தில் நிர்ணயித்துத் தடுக்க வேண்டிய இடம்; அதை, எல்லோருக்கும் பின்னால் நின்று காக்கும் ஓர் ஃபுல்பேக்குக்குக் கொடுப்பது, ஓட்டுக் கூரை போடத் தச்சனை விட்டுவிட்டுக் கொத்தனைக் கூப்பிடுவது போல என்பது அவர் சித்தாந்தம். 1999-இல் கிறிஸ்டியன் கல்லனை அங்கே நிறுத்தினார்கள், அரை இறுதியில் பிரான்ஸிடம் தோற்றோம். 2003-இல் லியான் மெக்டொனால்டை நிறுத்தினார்கள், அரை இறுதியில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றோம். இப்போது கான்ராட் ஸ்மித் என்னும் அசல் சென்டர் கைவசம் இருக்கையில் மில்ஸ் மூலியாய்னாவை நிறுத்தினார்கள். மூன்று பேரும் ஃபுல்பேக்குகள் என்று விரல் மடக்கிச் சொன்னார். தர்க்கத்தில் ஓர் ஓட்டையும் எனக்குத் தென்படவில்லை. அடுத்த நாள் அலுவலகத்துத் தேநீர் அறையில் அதை என் சொந்த அபிப்பிராயம்போல எடுத்து விளம்பி நல்ல பெயரும் வாங்கிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மாலை அவர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் அந்த உறை. வாயால் ஒன்றும் சொல்லாமல் நீட்டினார். ஆட்டத்துக்கு ஐந்தாறு நாள் முந்திய தேதி போட்டிருந்தது. 13-க்கு எதிரே முதலில் ஸ்மித் என்று எழுதி, அதை ஒரு கோட்டால் அடித்துவிட்டு, பக்கத்தில் மூலியாய்னா என்று அழுத்தமாக எழுதியிருந்தார். "காயம் பட்டுத் தேறி வந்த பையன், கால் தாங்குமோ என்று நினைத்தேன்" என்றார். பிறகு, "இதை நான் எழுதினது ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஞாபகமே இல்லை, உண்மையாகவே இல்லை" என்றார்.

அவர் பொய் சொல்லுகிறவர் அல்லர் என்பதனாலேயே அந்த வார்த்தை என்னைச் சங்கடப்படுத்திற்று. தோல்வி நேர்ந்த அந்த க்ஷணத்தில், அதற்கு முன்பு தீர்மானித்த மனிதன் நம்முள்ளிருந்து எழுந்து போய்விடுகிறான். விளைவை அறிந்த வேறொருவன் வந்து அவன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, தான் எப்போதும் அங்கேயே இருந்தவன்போலத் தீர்ப்புச் சொல்லத் தொடங்குகிறான். களத்தில் இறங்கியவனுக்குத் தவறிய தடுப்புகளும் நழுவிய பந்துகளும் கணக்கில் ஏறுகின்றன. இறங்காதவனுக்கு ஒரு குறையும் இல்லை. அவன் நம் கற்பனையில் ஓடுகிறான், கற்பனையில் யாரும் வழுக்கி விழுவதில்லை.

எனக்கும் ஓர் உறை உண்டு. பல வருஷங்களுக்கு முன், நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு பதவிக்கு ஆள் எடுக்கும் குழுவில் என்னையும் சேர்த்திருந்தார்கள். இறுதியில் இருவர் மிஞ்சினர். தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஆறு மாதத்தில் கோப்புகளையெல்லாம் தாறுமாறாக்கிவிட்டு வேலையை விட்டுப் போனார். உடனே நிராகரிக்கப்பட்ட அந்த இரண்டாமவர், எங்களில் ஒருவரும் ஒரு நாள்கூட வேலை செய்து பார்த்திராதவர், சகல குணங்களும் பொருந்திய மகா திறமைசாலியாக எங்கள் வாயில் வளர்ந்துவிட்டார். "நான் அப்போதே அவர் பக்கம்தான்" என்று நான் நாலு பேருக்கு முன் சொன்னேன். சத்தியமாக நம்பியே சொன்னேன். மூலியாய்னா என்று எழுதிய அந்த உறையைப் பார்த்த இரவு, என்னவோ தோன்றிப் பழைய காகிதங்களைக் குடைந்து, அன்று நான் மதிப்பெண் போட்ட தாளை எடுத்துப் பார்த்தேன். கெட்ட பெயர் எடுத்துப் போன அந்த மனிதருக்கு எல்லோரையும்விட அதிக மதிப்பெண் போட்டிருந்தவன் நான்தான்.

அப்படியானால் தேர்வைப் பற்றிப் பேசுவதே வீண் வம்பு என்று கொள்ளலாமா? கூடாது என்பதற்கு இந்த நாட்டின் ரக்பி சரித்திரமே சாட்சி. ஜார்ஜ் நெப்பியா என்னும் மாவோரி இளைஞர், 1924-ஆம் ஆண்டுப் பெரும் சுற்றுப்பயணத்தில் பத்தொன்பது வயதில் ஓர் ஆட்டம் விடாமல் ஆடிப் புகழ் பெற்றவர். ஆனால் 1928-இல் அணி தென்னாப்பிரிக்கா போனபோது அவருக்கு இடம் இல்லை, ஏனெனில் அந்த நாட்டின் நிறவெறிக்கு மாவோரி ரத்தம் ஒவ்வவில்லை. 1949-இலும் அதே கதை: ஜானி ஸ்மித், பென் கவுச், வின்ஸ் பெவன் போன்றவர்களை விட்டுவிட்டே கப்பல் ஏறினார்கள். அங்கே நான்கு டெஸ்ட் ஆட்டங்களிலும் தோற்றார்கள். செப்டம்பர் 3-ஆம் தேதி டர்பனில் ஓர் ஆல் பிளாக்ஸ் அணி தோற்ற அதே தினத்தில், வெலிங்டனில் இன்னோர் ஆல் பிளாக்ஸ் அணி ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. விட்டுவிட்டுப் போனதன் தண்டனை இது என்று சொல்வதற்கு நாக்குத் துடிக்கிறது. ஆனால் சற்று நிதானித்துப் பார்த்தால், அப்படிச் சொல்வதும் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுதான். அந்த நான்கு ஆட்டங்களிலும் அவர்கள் ஜெயித்துத் திரும்பியிருந்தாலும் செய்த அநியாயம் அநியாயமே. ஓர் அணுவும் குறைந்திராது. 1960-இல் மறுபடியும் மாவோரிகளை விட்டுவிட்டுப் புறப்பட ஏற்பாடானபோது, மாவோரி இல்லையேல் பயணமும் இல்லை என்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டார்கள். அணி போகத்தான் போயிற்று. ஆயினும் அந்தக் கையெழுத்துகள் ஆட்டத்துக்கு முன்பு போட்டவை. நல்ல தேர்வா கெட்ட தேர்வா என்பது தேர்ந்த வேளையில் தெரிந்திருந்தவற்றைக் கொண்டு அளக்கவேண்டிய சமாசாரம். ஸ்கோரைக் கொண்டு அளப்பது, பெய்த மழையைப் பார்த்துவிட்டு விதைத்தவனைத் திட்டுவதற்குச் சமானம்.

அந்த 2007-ஆம் வருஷக் கடைசியில் ஓர் அபூர்வ காரியம் நடந்தது. 1999-இல் தோற்றுத் திரும்பிய பயிற்சியாளர் ஜான் ஹார்ட், தம் பந்தயக் குதிரைமேல்கூட ஜனங்கள் எச்சில் உமிழுமளவுக்கு வெறுக்கப்பட்டுப் பதவி விலகியிருந்தார். 2003-இல் தோற்றவரும் பதவி இழந்தார். ஹென்றியோ தோற்ற பிறகும் விண்ணப்பித்தார். ரக்பி சங்கமும் அவரையே மீண்டும் நியமித்தது. போட்டியில் இருந்தவர் ராபி டீன்ஸ். (இவருடைய பாட்டனாரின் சகோதரர் பாப் டீன்ஸ்தான், 1905-இல் அதே கார்டிஃப் நகரத்தில் வேல்ஸிடம் 3-க்கு 0 என்று தோற்ற ஆட்டத்தில், தாம் வைத்த ட்ரையை நடுவர் மறுத்துவிட்டார் என்று சாதித்தவர், நூறு வருஷம் கழிந்தும் அந்த வழக்கு இங்கே முடிந்தபாடில்லை.) டீன்ஸ் ஆஸ்திரேலியாவுக்குப் பயிற்சியாளராகப் போனார். எங்கள் கிழவர் அன்று போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

பிறகு வந்தது 2011 உலகக் கோப்பை. கார்ட்டர் தொடை இடுக்குக் காயத்தால் விலகினார். அவருக்கு அடுத்த காலின் ஸ்லேடும் விழுந்தார். கார்ட்டரின் இடத்துக்கு வரிசையில் நான்காமவர் ஸ்டீஃபன் டொனால்ட், எங்கள் வைக்காட்டோ அணிக்காரர். அதற்கு முந்திய ஆண்டு ஹாங்காங்கில், கடைசி நிமிஷத்தில் பந்தை எல்லைக்கு வெளியே உதைக்கத் தவறி, ஆஸ்திரேலியாவுக்கு 26-க்கு 24 என்று வெற்றியைத் தூக்கிக் கொடுத்தவர் என்று ஊரே அவரைப் பழித்தது. சொந்த ஊர்ப் பிள்ளை என்ற தாட்சண்யம் கூட இல்லாமல், கிழவர் தம் உறைகளில் அதற்குப் பிறகு அந்தப் பெயரை எழுதவே இல்லை. அணியிலிருந்து அழைப்பு வந்தபோது டொனால்ட் இதே வைக்காட்டோ ஆற்றில் ஒயிட்பெயிட் பிடித்துக்கொண்டிருந்தார். பிரான்ஸுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் மூன்றாமவரான ஆரன் குரூடனும் முதல் பாதியிலேயே முழங்கால் மடங்கி விழ, வயிற்றை மறைக்கப் போதாத சட்டையோடு டொனால்ட் ஈடன் பார்க்கில் இறங்கினார். இரண்டாம் பாதி தொடங்கிய சற்றைக்கெல்லாம் ஒரு பெனால்டியை உதைத்துக் கம்பங்களுக்கு இடையே போட்டார். பிரான்ஸ் அதன்பின் ஏழு புள்ளிகள் எடுத்தது. 8-க்கு 7. கோப்பை கிடைத்தது.

மறுநாளே, ஹென்றியை மீண்டும் நியமித்தது எப்பேர்ப்பட்ட தூரதிருஷ்டி என்று எல்லோரும் பேசினார்கள். ஒரு புள்ளி. அந்த ஒரு பந்து அரை முழம் விலகியிருந்தால், நாலு வருஷத்துக்கு முந்திய அதே தீர்மானம் எப்பேர்ப்பட்ட மடத்தனமாக ஆகியிருக்கும் என்று நான் வேலியோரம் கேட்டேன். கிழவர் பதில் சொல்லவில்லை. உள்ளே போய், இறுதி ஆட்டத்துக்கு அவர் எழுதிய உறையைக் கொண்டுவந்து காட்டினார். பதினைந்து பேரை மட்டுமல்ல, மாற்றாட்டக்காரர்கள் ஏழு பேரையும் எழுதியிருந்தார். டொனால்டின் பெயர் அதில் இல்லை. அதை அவர் கிழிக்கவுமில்லை, திருத்தவுமில்லை. மற்ற உறைகளோடு டப்பாவிலேயே திரும்பப் போட்டுவிட்டார்.

நான் மதிப்பெண் போட்ட அந்தத் தாள் என் மேசையின் கீழ் இழுப்பறையில் இருக்கிறது. "நான் அப்போதே அவர் பக்கம்தான்" என்று நான் சொன்னதைக் கேட்ட நாலு பேரில் இருவர் இன்னும் என்னோடுதான் வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு அதை நான் காட்டவில்லை.