சும்மா பார்க்க வந்தேன்

'ஊர்சுத்தி' என்பது எங்கள் பக்கத்தில் வசவு. வேலைவெட்டி இல்லாதவன், வீடு தங்காதவள் என்று அர்த்தம். இந்த வசவுக்குள்ளும் சாதி இருக்கிறது. ஊர்த்தெருப் பையன் சுற்றினால் 'சின்னப்புள்ள, திரியட்டும்' என்று விட்டுவிடுவார்கள். சேரிப் பையன் ஊர்த்தெருவில் ஐந்து நிமிஷம் நின்றால் 'என்னடா இங்கிட்டு?' என்று கேள்வி வரும். அதற்கு ஒரு வேலைதான் பதிலாக இருக்க வேண்டும். மொளகா மூட்டை எறக்க வந்தேன். வெறகு கொண்டாந்தேன். சாவு சொல்ல வந்தேன். 'சும்மா வந்தேன்' என்பது பதில் ஆகாது. 'சும்மா பார்க்க வந்தேன்' என்பது அதைவிட ஆகாது. ஆக, பார்ப்பது வெறும் கண் சம்பந்தப்பட்ட காரியம் இல்லை. காரணம் சொல்லாமல் ஓரிடத்தில் நிற்க எந்த உடலுக்கு அனுமதி உண்டு என்பதுதான் அதற்குள் கிடக்கும் விஷயம்.

போன வருஷம் ஏழு நாள் சிங்கப்பூரில் சும்மா நின்றுவிட்டு வந்தேன். மாநாடு இல்லை, கருத்தரங்கு இல்லை, யாரும் பொன்னாடை போர்த்தக் கூப்பிடவில்லை. சின்னம்மா மகன் அங்கே பதினோரு வருஷமாகக் கட்டுமான வேலை பார்க்கிறான். 'யக்கா, ஒருக்கா வந்து பாத்துட்டுப் போ' என்று சொல்லிக்கொண்டே இருந்தான். முதல் வெளிநாடு. முதல் விமானம். போவதற்கு முன்னால் ஒரு தோழர் கேட்டார்: 'நம்ம சனம் இன்னும் சுடுகாட்டுப் பாதைக்கு மனுக் குடுத்துக்கிட்டு இருக்கு, நீங்க சுற்றுலாப் போறீங்களா?' நல்ல கேள்விதான். வலிக்கிற கேள்வி என்பதால் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தக் கேள்வியின் அடியில் ஒரு எண்ணம் இருக்கிறது. ஒடுக்கப்பட்டவர் எங்கே போனாலும் ஒரு காரியமாகத்தான் போக வேண்டும், போராடத்தான் போக வேண்டும் என்ற எண்ணம். 'என்னடா இங்கிட்டு?' என்று கேட்கிற ஊர்த்தெருவின் குரலுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? தோழருக்குக் கோபம் வரட்டும், பரவாயில்லை.

அம்பேத்கரும் ஊர் பார்க்கப் போயிருக்கிறார். 1934இல் சுமார் முப்பது பேராக வெரூள் குகைகளைப் பார்க்கக் கிளம்பியவர்கள் வழியில் தௌலதாபாத் கோட்டைக்குப் போகிறார்கள். தூசி படிந்த முகத்தைக் கோட்டை வாசலில் இருந்த சிறு குளத்தில் கழுவுகிறார்கள். தீண்டத்தகாதவர்கள் குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று அங்கிருந்த முஸ்லிம்கள் கூடிவிடுகிறார்கள். கடைசியில், உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையின்பேரில் கோட்டைக்குள் விடுகிறார்கள். தொடுகிறார்களா என்று கவனிக்க ஆயுதம் தாங்கிய சிப்பாய் ஒருவன் கூடவே வருகிறான். சட்டம் படித்து, லண்டன் வட்டமேசையில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்த மனிதர் துப்பாக்கி நிழலில் கோட்டை பார்த்தார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று அவர் எழுதி வைத்த நினைவுக் குறிப்புகளில் இது இருக்கிறது. அவருடைய பொருளாதார நூல்களைப் படித்தவர்கள்கூட இந்தச் சின்னப் புத்தகத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் முதல் புத்தகம்.

எங்கள் மண்ணின் கணக்கும் ஒன்று உண்டு. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்து ஆதிக்க சாதி நாட்டார்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஹட்டன் என்ற வெள்ளை அதிகாரி சாதி பற்றிய தன் நூலில் பட்டியலாகவே பதிந்திருக்கிறார். தங்கம் வெள்ளி கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. எட்டாவது தடை என்ன தெரியுமா? வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்புப் போடக் கூடாது. அடுத்த ஜூனில் இது பதினொன்றாகி, பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பதும் சேர்ந்தது. ஊர் பார்க்கக் கிளம்புகிறவனுக்கு முதலில் வேண்டியது என்ன? குடையும் செருப்பும்தானே. நடையையே தடை செய்திருக்கிறார்கள்.

சிங்கப்பூரில் தினம் மத்தியானம் மழை. முதல் நாளே சிராங்கூன் சாலையில் ஒரு குடை வாங்கினேன். நல்ல சிவப்புக் குடை. அதைப் பிடித்துக்கொண்டு ஏழு நாளும் நடந்தேன். வீரமாகாளியம்மன் கோயில், தேக்கா சந்தை, சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827இல் தொடங்கிய மாரியம்மன் கோயில், ஆற்று முகத்தில் தண்ணீர் துப்பிக்கொண்டு நிற்கிற சிங்கத்தலை மீன், தாவரவியல் தோட்டம். தோட்டத்தில் ஒரு மரத்தடியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. இதை எழுதுகிறபோது சின்ன விஷயமாகத் தெரிகிறது. அந்த இரண்டு மணி நேரத்தில் என் தோள்பட்டை இறங்கியது. அதுவரை அது தூக்கியே இருந்திருக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது. முப்பத்தாறு வயசு உடம்பு அது.

செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் முன்னால் வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்களோடு நானும் நின்று அண்ணாந்து பார்த்தேன். 1862இல் புனிதப்படுத்தப்பட்ட அந்தக் கட்டடத்தைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோகப்பட்ட கைதிகள். 1825 தொடங்கி ஏறக்குறைய ஐம்பது வருஷம் அந்த நகரத்தின் சாலையும் மாளிகையும் அவர்கள் கையால் எழுந்தன. எங்கள் ஊர்க் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று பெருமையாகச் சொல்வோம். அவ்வளவு நீளம். கண்மாய்க்குப் பாண்டிய ராசா பேர் இருக்கிறது. மடை திறந்து அடைத்த நீர்பாய்ச்சிகளுக்குப் பேர் இல்லை. தேவாலயத்தின் முன்னால் எனக்கு வந்தது வியப்பு இல்லை, அடையாளம் கண்ட உணர்வு. ஓ, நீங்களா, இங்கேயும் வந்தீர்களா என்பது மாதிரி.

இனி, என்னை உறுத்துகிற இடத்துக்கு வருகிறேன். யாரும் என்னைக் கேட்காமல் விட்டது மரியாதையா? அது எனக்குக் கொடுத்த மரியாதையா, என்னைத் தெரியாததால் விழுந்த மரியாதையா?

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்த வருஷங்கள் தான் தீண்டத்தகாதவன் என்ற நினைப்பையே மனசிலிருந்து துடைத்துவிட்டதாக அம்பேத்கர் எழுதுகிறார். 1917இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்தவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி என்று பொய்ப் பெயர் சொல்லி ஒரு விடுதியில் தங்குகிறார். பதினோராவது நாள் தடியோடு வந்து விரட்டுகிறார்கள். நண்பர்கள் கைவிரிக்கிறார்கள். இரவு ரயில் வரும்வரை ஐந்து மணி நேரம் காமதி பாக் என்ற பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருக்கிறார். நியூயார்க்கிலும் அவர் பூங்காவில் உட்கார்ந்திருப்பார். அதே மனிதர், அதே மாதிரி பெஞ்சு. ஒன்று ஓய்வு, மற்றொன்று அகதி முகாம்.

இதை வைத்து, வெளிநாட்டில் கிடைப்பது போலிச் சமத்துவம் என்று சொல்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. முன்பின் தெரியாத ஒருத்தர் இன்னொருத்தரை வழிவிட்டு விலகி நடப்பது, கேள்வி கேட்காமல் பக்கத்தில் உட்காருவது, இதெல்லாம் மனுச உடம்புக்கு அடிப்படையாகப் பாக்கி வைத்திருக்கிற கடன். தெரியாமல் கொடுத்தாலும் கொடுத்ததுதான். அந்தத் தோட்டத்தில் என் தோள் இறங்கியது போலி இல்லை. ஆனால் இந்த மரியாதைக்கு ஒரு குறை உண்டு: தெரியும்வரைதான் அதற்கு ஆயுசு.

நாலாம் நாள் அது முடிந்தது. சாப்பாட்டுக் கடையில் எதிரே உட்கார்ந்த தமிழ்ப் பெண்மணி, வயசு அறுபது இருக்கும், நல்ல மனுஷிதான், ரசம் நல்லாயிருக்கும் வாங்கிக்கம்மா என்றார். எந்த ஊர் என்றார். ஆர்.எஸ்.மங்கலம் என்றேன். 'அட, நாங்க தேவகோட்டைப் பக்கம்ல! மங்கலத்துல எந்தப் பக்கம்?' பக்கம் என்றால் திசை இல்லை என்பது தெரியாதவர்கள் இந்தப் பத்திரிகையைப் படிக்க மாட்டார்கள். காலனி என்றேன். அவர் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. 'ஓ, அப்பிடியா' என்றார். அதன்பிறகு அவருடைய வாக்கியங்கள் நீளம் குறைந்தன. மூவாயிரம் கிலோமீட்டர் கடல் தாண்டி, இரண்டு தலைமுறை கழிந்து, குடியுரிமை மாறி, எல்லாம் மாறி, ஒரே ஒரு கேள்வி மட்டும் நனையாமல் வந்து சேர்ந்திருக்கிறது. ரஜூலா கப்பலில் ஏறிய சாமான்களில் இதுதான் கெட்டியான சாமான் போல.

'வேற பேரு சொல்லிருக்கலாம்லக்கா' என்றான் தம்பி. பேர் சொன்னால் அம்பேத்கருக்குக் கிடைத்த பத்து நாள் எனக்கும் கிடைத்திருக்கும், அவ்வளவுதானேடா என்றேன். சிரித்தான்.

அவன் கதை வேறு. சீனர், மலாய்க்காரர், இந்தியர் யாரும் தனித்தெருவாக ஒதுங்கக் கூடாதென்று 1989 முதல் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இன்னாருக்கு இத்தனை வீடு என்று அந்த அரசு வரம்பு வைத்திருக்கிறது. சேரி என்பது தானாக முளைத்ததில்லை, சட்டம் போட்டால் கலைக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அதைக் கண்டு வியந்தேன், மறைக்கவில்லை. ஆனால் அந்தக் குடியிருப்புகளைக் கட்டுகிறவன் அந்த வரம்புக்குள் வருவதில்லை. ஊருக்கு வெளியே தொழிலாளர் விடுதி. லாரியின் பின்பக்கம் உட்காரவைத்து ஏற்றிப்போகிறார்கள். பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிவர அனுமதி இல்லை. 2013 டிசம்பர் 8 அன்று லிட்டில் இந்தியாவில் தமிழ்த் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டுச் செத்து, கலவரம் நடந்து, ஐம்பதுக்கு மேற்பட்டோரை நாடு கடத்தினார்கள். 2020 ஏப்ரலில் கொரோனா வந்தபோது மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் விடுதிகளுக்குள் அடைபட்டார்கள். இவனும் ஒருத்தன். 2022 ஜூனில் தளர்த்தினார்கள், எப்படி? ஞாயிறும் பொது விடுமுறையும் லிட்டில் இந்தியா உள்ளிட்ட நான்கு இடங்களுக்குப் போக வேண்டுமென்றால் அப்போது முன்கூட்டியே அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டியிருந்தது.

ஊர் பார்க்கச் சீட்டு. தௌலதாபாத்தில் சிப்பாய், இங்கே கைப்பேசிச் செயலி.

இது சாதி இல்லை என்று உடனே சொல்வார்கள். சரி, இல்லைதான். பிறப்பால் ஒட்டியது இல்லை, அனுமதி அட்டை தீர்ந்தால் தீரும், மகனுக்கு இறங்காது. இந்த வித்தியாசத்தை அழித்து எல்லாக் கொடுமையையும் சாதி என்று கூப்பிட்டால் சாதியின் கொடுமை நீர்த்துப்போகும். ஆனால் என் தம்பிக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கிறது. எங்கள் காலனியிலிருந்து போனவன் சிமெண்ட் பூட்சோடு ரயிலில் ஏறினால் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கிறது. அவன் அதிகம் உட்காருவதே இல்லை. என் பக்கத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஒரே கொல்லையில் வளர்ந்த இரண்டு பேர், ஒரே ரயில். என் கையில் சுற்றுலா விசா, அவன் கையில் வேலை அட்டை. நான் அனுபவித்த தெரியாமையின் சுதந்திரத்துக்கும் ஒரு உடுப்பு இருந்திருக்கிறது. நல்ல சேலை, தோள்பை, சிவப்புக் குடை.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு லீவு. ஐம்பத்தேழு மாடிக் கட்டடத்தின் உச்சிக்குப் போவோமா என்றேன். டிக்கெட் விலையைக் கேட்டுவிட்டு, ஒரு நாள் அடிப்படைச் சம்பளத்துக்கு மேலே, வேணாங்க்கா என்றான். வேறு எதைப் பார்க்கணும் என்று கேட்டேன். கொஞ்சம் கூச்சப்பட்டான். தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதையில் ஒரு நிலையம், மூன்று வருஷம் தரைக்குக் கீழே வேலை செய்த இடம், திறந்தபிறகு இறங்கிப் பார்த்ததே இல்லை.

போனோம். படிக்கட்டு ஆழமாக இறங்குகிறது. எல்லோரும் சுவரோவியத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவன் சுவர் ஓரமாகப் போய் நின்று, மேலே கூரையும் சுவரும் சேருகிற இடத்தையே பார்த்தான். சீருடைக்காரர் ஒருவர் எங்களைக் கடந்து போனார், திரும்பிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. நான் ஏதும் பேசாமல் பக்கத்தில் நின்றேன். ரெண்டு ரயில் வந்து போயிற்று. அப்புறம் சொன்னான், 'தண்ணி கசியலக்கா.'